காலியாகக் கிடந்த ஐந்து கோடுகள்

வழுக்கி விழுந்தபோது மார்வா கேஸ்கின் கையைக் காப்பாற்றவில்லை, சிம்பலைக் காப்பாற்றினாள். பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமை. பிளாட்புஷ் பகுதியில் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசற்படிகளில் முந்தின நாள் பெய்த பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. உப்புத் தூவ வேண்டிய ஆள் வழக்கம்போல வரவில்லை. இரண்டாவது படியில் கால் சறுக்கியதும், தோளில் தொங்கிய சிம்பல் பையை இடது கையால் பிள்ளையை அணைப்பதுபோல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். வலது கை தரையில் ஊன்றியது. மணிக்கட்டுக்குள் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. எதிர்க் கடையிலிருந்து ஓடி வந்த யெமன்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டால், இவள் முதலில் பையைத் திறந்து விளிம்பில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாள். இல்லை என்றார் அவர். அப்புறம்தான் இவளுக்கு வலித்தது.

ட்ரம்ஸ் வாசிக்கிறவர்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான், என்னத்தைச் சொல்ல. இருபத்து மூன்று வயதில் வாங்கிய வெண்கலத் தாளத்தட்டு அந்தச் சிம்பல். அதே சத்தம் உள்ள இன்னொன்று உலகத்தில் கிடையாது. கை ஒடிந்தால் ஆறு வாரத்தில் கூடிவிடும். அவள் யோசித்ததில் தப்பில்லைதான். ஆனால் கச்சேரிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

அதுவும் லேசுப்பட்ட கச்சேரி இல்லை. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்கள் எழுதியதை, அடுத்தவர்கள் குழுவில், எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து வாசித்தவள் மார்வா. முதல் தடவையாக அவளே எழுதிய நாற்பது நிமிட இசை, அவள் பெயர் போட்ட சுவரொட்டி. ‘நான்காம் மாடி’ என்று பெயர் வைத்திருந்தாள். லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் நான்காவது மாடிக்கு ட்ரம்ஸை ஏற்றி இறக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மூச்சு ஒவ்வொரு விதமாக வாங்கும். அதுதான் அந்த இசை. கவானஸ் கால்வாய்க்குப் பக்கத்தில் முன்பு அட்டைப்பெட்டி செய்த தொழிற்சாலை ஒன்று இப்போது கச்சேரிக் கூடம். அடுத்து என்ன வரும் என்று தெரியாத இசையைக் கேட்பதற்கென்றே அங்கே நூறு பேர் வருவார்கள். சில நாள் நாற்பது.

மார்வா எழுத ஆரம்பித்ததற்குப் பின்னால் ஒரு முள் உண்டு. கிராண்ட் ஹெஸ்கெத் என்ற சாக்ஸபோன்காரரின் குழுவில் பதினோரு வருடம் வாசித்தாள். நானும் ஏதாவது எழுதலாமென்று இருக்கிறேன் என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டில் வாய்விட்டுவிட்டாள். பத்துப் பேர் முன்னால் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ட்ரம்மர் எழுதுற பாட்டெல்லாம் ஸ்டூலோட ஒட்டுனது மார்வா. நீ எழுந்து போனா அதுவும் உன் பின்னாடியே எழுந்து வந்துடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தானும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் மூன்று வருடமாகக் குத்திக்கொண்டிருந்தது.

கட்டுப் போட்ட மறுநாள் கூடத்தை நடத்தும் நடீன் போனில் கூப்பிட்டாள். நல்ல பெண். அடுத்த வருடம் வசந்த காலத்துக்குத் தள்ளி வைக்கலாம், இல்லையென்றால் வேறு ட்ரம்மரைப் போட்டுக்கொள்ளலாம், இரண்டில் எதுவானாலும் தனக்குச் சம்மதம் என்றாள். மார்வா சாயங்காலம் வரை யோசித்தாள். தள்ளி வைத்தால், தான் உட்காராமல் அந்தப் பாட்டு இல்லை என்று ஆகிவிடும். கிராண்ட் சொன்னது சத்தியம் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. கை ஒடிந்த வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிய வலியாக இருந்தது. பிலடெல்பியாவுக்குப் போன் போட்டு கோர்டெஸ் விட்லோவைக் கூப்பிட்டாள்.

கோர்டெஸ் அவளைவிட எட்டு வயது சின்னவன், கெட்டிக்காரன், அவன் வாசிப்பதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு லேசாக வயிறு எரியும். அதனாலேயே அவனைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்தான். நான்கு மாடி ஏறி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், முப்பத்தொரு பக்க இசைத்தாளைக் கையில் வாங்கிப் புரட்டினான். இந்த மாதிரிக் குழுக்களில் கருவியின் பெயரைப் போடுவதில்லை, ஆளின் பெயரைத்தான் போடுவார்கள். மேலே பிலார், அவள் ஊதுவது ட்ரம்பெட். அடுத்து ஒகாடா, பியானோ. அதற்குக் கீழே டெஸ்மண்ட், ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸ். எல்லாவற்றுக்கும் அடியில் கடைசி வரிசையில் பென்சிலால் ‘நான்’.

“அக்கா, இதுல நான் வாசிக்க வேண்டியது எங்க?”

“கடைசி வரிசை.”

“அங்க ‘நான்’னு மட்டும்தான் இருக்கு.”

“ஆமா. அது நான்.”

“அது தெரியுதுக்கா. நீங்க என்ன வாசிப்பீங்கன்னு எங்க இருக்கு?”

மார்வா தாள்களை அவன் கையிலிருந்து பிடுங்கிப் புரட்டினாள், யாரோ திருடிக்கொண்டு போய்விட்ட மாதிரி. முப்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகள், கழுவித் துடைத்தாற்போலக் காலியாக. பிலாரின் ஒரே ஒரு ஸ்வரத்தை ஏழு தடவை அழித்து எழுதியிருக்கிறாள். டெஸ்மண்ட் எந்தத் தந்தியை எந்த விரலால் தொட வேண்டும் என்பதுவரை குறித்திருக்கிறாள். தனக்கென்று ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. வைப்பானேன்? நம் வீட்டில் தண்ணீர்க் குவளை எங்கே இருக்கிறது என்று நாமே சுவரில் எழுதி ஒட்டுவோமா? ட்ரம்மர் எழுதினால் இந்தத் தப்பு நடக்கும், வேறு யாருக்கும் நடக்காது.

கோர்டெஸ் பதறவில்லை. ஒத்திகையில் பதிவு செய்தது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். மூன்று பதிவுகளை அனுப்பினாள். அவன் மூன்று நாள் உட்கார்ந்து அவள் அடித்த ஒவ்வொரு அடியையும் கேட்டுக் கேட்டு எழுதி எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை டெஸ்மண்ட் வீட்டு நிலவறைக்கு ஒத்திகைக்கு வந்தான்.

அச்சு அசலாக வாசித்தான். ஒரு குறை சொல்ல முடியாது. பத்து நிமிடத்துக்குள் மார்வாவுக்கு, தன் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு முன்னால் நடந்து போவதைப் பார்ப்பதுபோல இருந்தது. அடி எல்லாம் அவள் அடிதான். ஆனால் அவள் அடித்ததெல்லாம் அந்தந்த நேரத்தில் மற்றவர்கள் வாசித்ததற்குச் சொன்ன பதில். இன்றைக்கு அவர்கள் கேட்டது வேறு, போன மாதத்துப் பதிலை இவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் பக்கத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றுவிட்டார்கள்.

பிராங்க்ஸிலிருந்து வரும் பிலாருக்கு எதையும் மூடி மறைக்கத் தெரியாது. ட்ரம்பெட்டை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “நான் எங்க வரணும்னு தெரியல. எப்பவும் மார்வா தாடையைத் தூக்குவா. தூக்கினா நான் வந்துடுவேன்.”

தனக்குத் தாடை இல்லை, தோள்பட்டை என்றான் டெஸ்மண்ட். ஒகாடா, தனக்கு ஸ்டூல் கிறீச்சிடுவதுதான் கணக்கு என்றார்.

போச்சு. மூன்று வருடம் எழுதி, நூறு தடவை அழித்து, கடைசியில் பாட்டு தொங்கிக்கொண்டிருந்தது ஒரு தாடையிலும் ஒரு தோள்பட்டையிலும் எண்ணெய் போடாத ஒரு ஸ்டூலிலும். கிராண்ட் ஹெஸ்கெத்தின் சிரிப்பு அந்த நிலவறைக்குள்ளேயே கேட்டது அவளுக்கு. ஆத்திரம் யார்மேலோ, பாய்ந்தது கோர்டெஸ்மேல்.

“உன்னை யாருப்பா என்னை மாதிரி வாசிக்கச் சொன்னது?”

“நீங்கதான் ரெக்கார்டிங் அனுப்பினீங்க. வேற எதுவும் கொடுக்கலையேக்கா.”

அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதனாலேயே அவளால் அங்கே நிற்க முடியவில்லை. கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொரு கை காற்றில் ஆட, படியேறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் வீட்டில் அடைந்து கிடந்து இடது கையால் எழுதினாள். கோழி கிளறிய மாதிரி எழுத்து. பதினோரு பக்கத்துக்குக் கடைசி வரிசையை நிரப்பினாள். படித்துப் பார்த்தால் அதே பழைய பதிவு, அதே போன மாதத்துப் பதில். கிழித்துப் போட்டாள். நடீனுக்குப் போன் போட்டுத் தள்ளி வைத்துவிடலாம் என்று சொல்ல எண்ணைக்கூட எடுத்துவிட்டாள். அப்போதுதான் படிக்கட்டில் யாரோ எதையோ இழுத்து, முட்டி, சபித்துக்கொண்டே வரும் சத்தம் கேட்டது.

டெஸ்மண்ட் பூல். முதுகில் ஆளுயர பேஸ், கையில் நாஸ்ட்ராண்ட் அவென்யூவில் வாங்கிய டபுள்ஸ் என்ற பொரித்த ரொட்டிப் பொட்டலம், கொண்டைக்கடலைக் குழம்பு காகிதத்தைத் தாண்டி ஒழுகிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே வயது. முதல் குழுவில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். கதவுக்கு வெளியே இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசினான்.

“அடுத்த பாட்டை மொதல் மாடில வெச்சு எழுது தாயே. உனக்குக் கோடி புண்ணியம்.”

அவன் ஆறுதல் சொல்ல வரவில்லை. நான்காம் பக்கத்தில் அவன் இடம் அவனுக்குப் பிடிபடவில்லை, அதைச் சரி பண்ணிக்கொள்ள வந்திருந்தான். அவள் சமையலறையில் நின்று ஒற்றைக் கையால் டபுள்ஸைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, முன்னறையில் அவன் தன்பாட்டுக்கு வாசித்தான். அடித் தந்தியில் ஒரு ஸ்வரம். அப்புறம் நீளமாக ஒன்றுமில்லை. மறுபடி ஒரு ஸ்வரம்.

மார்வாவின் வாய் அசையாமல் நின்றது. அவன் வரிசையை அவள் தனியாகக் கேட்டதே இல்லை. அவன் வாசிக்கும்போதெல்லாம் இவளும் அடித்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள்! அந்த ஒன்றுமில்லாத இடம் ஒன்றுமில்லாமல் இல்லை. அதற்கு ஒரு ஆரம்பம் இருந்தது, ஒரு வளைவு இருந்தது, டெஸ்மண்டின் அடுத்த ஸ்வரம் வந்து மூடுகிற ஒரு முடிவும் இருந்தது.

“யோவ், இன்னொரு தடவை அதை வாசி.”

வாசித்தான். ஒன்பதாம் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள், பதினேழை வாசிக்கச் சொன்னாள். பிலாரைப் போனில் பிடித்து, எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்றெல்லாம் கேட்காமல், அவள் பங்கை ஊதச் சொன்னாள். அவள் திட்டிக்கொண்டே ஊதினாள். குழம்புக் கையோடு மார்வா தாள்களைத் தரையில் பரப்பினாள். டெஸ்மண்டுக்கு இங்கே ஏன் மூன்று சுற்று இடைவெளி விட்டாள்? ஏன் இரண்டு இல்லை? பிலார் ஏன் பாதி மூச்சில் நிற்கிறாள்? ஒகாடாவின் இடது கை ஏன் நான்கு பக்கம் சும்மா இருக்கிறது? மூன்று பேருடைய இடைவெளிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அங்கே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் துல்லியமாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது.

“நான் எழுதிட்டேன் டெஸ்மண்ட்.”

“எதை?”

“என் வரிசையை. உங்க மூணு பேர் வரிசைக்குள்ளயே எழுதி வெச்சிருக்கேன்யா.”

“அப்போ நான் ரெண்டாள் வேலை பாத்திருக்கேன். அந்த இன்னொரு டபுள்ஸும் எனக்குத்தான்” என்று அதையும் எடுத்துக்கொண்டான். அவள் அழுதுகொண்டிருந்ததை அவன் பார்க்காத மாதிரி இருந்தது அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

அன்று மாலை கடைசி வரிசையில் ஸ்வரக் குறிக்குப் பதிலாக வாக்கியங்கள் எழுதினாள். மொத்தமே பதினான்குதான். நான்காம் பக்கத்தில்: டெஸ்மண்ட் தந்தியைத் தொட்டதும், எவ்வளவு நேரம் பொறுக்க முடியுமோ அவ்வளவு நேரம் பொறு. ஒன்பதில்: பிலார் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால் நிறுத்து, அவள் உனக்காகக் காத்திருக்கவில்லை. இருபத்திரண்டில்: பாரம் தாங்காதவன் படியில் ஏறுவதுபோல. மற்ற மூவரின் தாள்களிலும் யார் எங்கே தாமாகத் தொடங்க வேண்டும் என்று குறித்தாள். இனி யாரும் யாருடைய தாடையையும் பார்க்க வேண்டாம். கடைசியாக, முதல் பக்கத்தில் ‘நான்’ என்றிருந்ததை அழித்தாள். ‘கோர்டெஸ்’ என்று எழுதப் போனவள் நிறுத்திவிட்டு, ‘உட்காருகிறவர்’ என்று எழுதினாள்.

அப்புறம் செய்ய வேண்டிய கஷ்டமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. போனை எடுத்தாள்.

“கோர்டெஸ், அன்னிக்கு நான் கத்துனது உன்மேல இருந்த கோவத்துல இல்லப்பா.”

“தெரியும்க்கா. ஆனா என்னைப் பாத்துதான் கத்துனீங்க.”

“ஆமா. தப்புதான். மன்னிச்சுக்க.”

அவன் அதை அத்தோடு விட்டுவிட்டான். பிறகு, கடைசி வரிசையில் இப்போதாவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். பதினேழாம் பக்கத்தைப் படித்துக் காட்டினாள்: மார்வா மாதிரி வாசிக்காதே.

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா மூணு நாள் தூங்கியிருப்பேனேக்கா” என்றான். அவன் சிரித்தது கேட்டதும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

சனிக்கிழமை ஒத்திகை பாதிக் கிணறு தாண்டிய கதைதான். இரண்டு தடவை சரிந்தது, ஒரு தடவை நன்றாக வந்தது, நேரம் முடிந்துவிட்டது. ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடத்தில் அறுபது பேருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தார்கள். மார்வா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஈரக் கம்பளித் தொப்பியோடு ஐம்பது ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண்மணி, முன்பின் தெரியாதவர். கிராண்ட் வந்திருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வரவில்லை.

இருபத்திரண்டு வருடமாக மேடையில் அவள் பார்த்ததெல்லாம் முதுகுகள். டெஸ்மண்டின் பின்மண்டைச் சொட்டை, பிலாரின் தோள் எலும்பு. இப்போது முகங்களைப் பார்த்தாள். பிலார் ஊதும்போது கண்ணை மூடிக்கொள்வாள் என்பதே இன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. ட்ரம்பெட்டுக்கு இவ்வளவு சத்தமா என்று காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் பதினைந்து பக்கம் வரைக்கும் அவள் மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம்.

பதினேழாம் பக்கம். அது மூன்றாவது மாடித் திருப்பம். பாரத்தைக் கீழே வைத்து அவள் கை மாற்றும் இடம். மார்வா உட்கார்ந்திருந்தால் அங்கே இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்ப்பாள். கோர்டெஸ் இரண்டு குச்சிகளையும் தரையில் வைத்துவிட்டான். சும்மா உட்கார்ந்திருந்தான். ஐந்து விநாடி, பத்து விநாடி. கூடத்தில் யாரோ நாற்காலியில் நெளிந்தார்கள். இங்கே மார்வாவின் வலது கால், காலடியில் இல்லாத ட்ரம்ஸ் பெடலை மிதித்தது. ஓடிப் போய் ஒற்றைக் கையாலாவது எதையாவது தட்டிவிடலாமா என்று இருந்தது. சரியப் போகிறது, நேற்று சரிந்த அதே இடம், எல்லோரும் நின்று அவள் முகத்தைத் தேடப் போகிறார்கள்.

டெஸ்மண்ட் அவளைப் பார்க்கவில்லை, கோர்டெஸையும் பார்க்கவில்லை. தன் தாளைப் பார்த்தான். அடித் தந்தியைத் தொட்டான். அது அடங்குவதற்குள் பிலார் கண்ணை மூடியபடியே வந்தாள், ஒகாடாவின் இடது கை நான்கு பக்கச் சும்மாவிலிருந்து எழுந்தது. யாரும் எதையும் அடிக்காமலே அந்தத் தாளம் நடந்துகொண்டிருந்தது. படியேறும் கால், நிற்கும் மூச்சு, மறுபடி ஏறும் கால். மார்வா இங்கே மூன்றாவது வரிசையில் இருந்தாள், பாட்டு அங்கே உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம் கோர்டெஸ் வெறும் உள்ளங்கையால் பெரிய ட்ரம்மின் தோலைத் தடவித் தட்டினான், களைத்துப்போன ஆள் தன் முழங்காலைத் தானே தட்டிக்கொள்வதைப் போல. இது எனக்கு ஏழு ஜென்மத்திலும் தோன்றியிருக்காது என்று நினைத்தாள். முதலில் வயிறு எரிந்தது, அது பழைய வழக்கம். ஒரு நிமிடத்துக்குள் அதைக் காணோம். அது இருந்த இடத்தில் சந்தோஷம்தான் இருந்தது. கண்ணைத் துடைக்கத் தூக்கிய வலது கை மாவுக்கட்டோடு மூக்கில் இடித்தது.

இருபத்தாறாம் பக்கத்தில் அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ட்ரம்பெட்டில் இரண்டு ஸ்வரம் அதிகம். பின்னால் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்டும் காதில் விழாதது, முன்னால் உட்கார்ந்ததும் பல்லில் கல் பட்ட மாதிரி விழுந்தது. பக்கத்துப் பெண்மணியிடம் சைகையால் பேனா கேட்டாள். தாள் எதுவும் கையில் இல்லை. இடது கையால் வலது கை மாவுக்கட்டின் மேல் எழுதினாள்: 26, பிலார், கடைசி இரண்டும் வேண்டாம்.

முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. கோர்டெஸ் எழுந்து நின்று கூட்டத்துக்குள் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பெண்மணி பேனாவைத் திரும்ப வாங்கும்போது மாவுக்கட்டைப் பார்த்தார்.

“நீங்களும் வாசிக்கிறவங்களா?”

இந்தக் கேள்விக்கு அவள் வாயில் இருபத்திரண்டு வருடமாக ஒரே பதில்தான் தயாராக இருக்கும். அது வந்தது, நாக்கு நுனியில் நின்றது.

“இல்லைங்க,” என்றாள். “இதை எழுதினது நான்.”

அவர் மேடையைப் பார்த்தார், மறுபடி கட்டின் மேலிருந்த கோழிக் கிறுக்கலைப் பார்த்தார்.

“அப்போ இப்ப எழுதினீங்களே, அது?”

“ஒரு எடத்துல தப்பா எழுதிட்டேன். வீட்டுக்குப் போய்த் திருத்தணும்.”